மருமகள் தொடக்கூடாது, மிஸ்ஸி தொடலாம்

அத்தியாயம் ஒன்பது

போன கிழமை எங்கள் ஐயாவை மாட்டுவண்டிலில் கிடத்திக் கொண்டுவந்து வீட்டுப் படலையடியில் நிறுத்திவிட்டு உங்களிடம் விடைபெற்றேன். அந்த மனிசன் இன்னும் வண்டிலிலேயே கிடக்கிறாரோ என்று யாரும் பதறவேண்டாம். இறக்கிவிட்டோம். இறக்கி, முன்னறைக் கட்டிலில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, குடும்பமாகக் கூடியிருந்து தேத்தண்ணி குடித்தோம். எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையைத் தீர்க்கிற முறை அது.

உங்களுக்குச் சொன்னதுதான் போன கிழமை. நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஐயாவின் பெயர் ஏரம்பு. வாய்க்கால் வரம்பில் தண்ணீர் மாறுகிற சண்டையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே பாரிசவாதம் வந்து சரிந்தார். வலது கையும் காலும் போயிற்று. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வழக்குப் பேசியே வளர்ந்த வாய் அது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்தது ஒன்றரைப் பரப்புக் காணி, அதில் மூன்று பங்காளிகள், ஒரு வழக்கு. வன்னியில் அக்கராயனுக்குக் குடிவந்து அரசாங்கம் தந்த வயலில் நெல் விளைந்த பிறகு, அந்த ஒன்றரைப் பரப்பு வருசாவருசம் வளர்ந்து இப்போது கண்ணுக்கெட்டாத தோட்டமாகிவிட்டது. அதை வளர்த்தெடுத்தது என் அக்கா அன்னபாக்கியத்தின் வாய். அவாவின் புருஷன் கொழும்பில் வேலை. லீவு கிடைக்கிறதில்லை என்று சொல்லிக்கொள்வார். கேட்டால்தானே கிடைக்கும்!

அண்ணை பரமலிங்கம் வவுனியாவில் கிளாக்கர். சனிக்கிழமை பின்னேரம் வந்து, ஞாயிறு முழுவதும் அக்கா சொல்கிறதுக்குத் தலையாட்டிவிட்டு, திங்கள் விடியப் போகிறவர்.

நான் அப்புத்துரை. வயது முப்பத்தாறு. பெயரில் மட்டும் துரை.

மிச்சம் இருக்கிறது அண்ணி கமலாசனி. ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவா. நோயாளிகள் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுகிறது அவர்களைத்தான். எட்டு வருடத்துக்கு முந்திச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் ஐயா பாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "பீ மூத்திரம் அள்ளின கை எங்கட அடுப்பிலை படக்கூடாது. வேலையை விட்டிட்டு வரட்டும்." அண்ணி விட்டுவிட்டு வந்தா. அன்றிலிருந்து அந்தக் கை அடுப்பில் மட்டும்தான் பட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் மருமகள் மாமனாருக்கு முன்னால் வந்து நிற்கக்கூடாது. சோற்றைக் கூட அக்காதான் கொண்டுபோய் வைப்பா. தொடுகிற கதை கதையே இல்லை. ஆகவே, வீட்டில் நோயாளி ஒருவர், நோயாளியைப் பார்க்கப் படித்தவா ஒருத்தி, இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சாத்திய கதவு. பராமரிப்பு என் பொறுப்பு.

என் பராமரிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. காலையும் மாலையும் கதவைத் திறந்து, "ஐயா, எப்பிடி?" என்பேன். இழுத்த வாயால் அவர் பதிலைத் திரட்டுமுன் கதவைச் சாத்திவிடுவேன். கஞ்சி பருக்குவேன். நனைந்த படுக்கைச் சீலை மாற்றுவேன், கண்ணை மூடிக்கொண்டு.

இரண்டாம் கிழமை அறையில் ஒரு மணம் தொடங்கியது. அக்கா சாம்பிராணி போட்டா. முதலில் பொழுது படுகிற நேரம் மட்டும், பிறகு மத்தியானமும், பிறகு எந்நேரமும். அயலுக்குள்ளிருந்து வந்தவர்கள், "என்ன பக்தி, என்ன பக்தி!" என்று உருகினார்கள்.

அண்ணி அடுப்படி வேலைக்கிடையில் குசினி வாசலில் நின்று கேட்பா: "தம்பி, மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறியளோ?"

"எந்தப் பக்கம் அண்ணி?"

"எந்தப் பக்கமெண்டாலும்."

"சொன்னனான். அவர் திரும்பேல்லை."

அண்ணி என்னை மாட்டைப் பார்க்கிறது மாதிரிப் பார்த்தா. மாடென்றாலும் உழும்.

இந்தச் சனிக்கிழமை காலையில் படலையில் ஒரு வான் வந்து நின்றது. இறங்கியவா ஆஸ்பத்திரித் தலைமை நேர்ஸ், மேற்றன் நேசமலர். அண்ணியோடு முன்பு ஒரே வாட்டில் வேலை செய்தவா. பட்டணத்துப் பக்கம் புதிதாக ஒரு வயோதிபர் மடம் திறக்கிறார்கள். அதற்கு, கலியாணம் கட்டி வேலையை விட்ட நேர்ஸ்மாரைத் தேடிப்பிடித்து, ஆறு கிழமை தங்கவைத்துத் திரும்பப் பழக்கி, பிறகு அவர்களைக் கொண்டே புதுப் பெட்டைகளுக்கு வயோதிபரைப் பார்க்கிற வேலையைப் பழக்குவிக்கிற திட்டம். போன மாதமும் வந்து கேட்டவா. அக்கா அப்போது, "யோசிச்சுச் சொல்லுறம்" என்றா. எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

"யோசிச்சு முடிஞ்சுதோ?" என்று கேட்டுக்கொண்டே மேற்றன் கதிரையில் இருந்தா. கதிரை முனகியது. "கமலாவுக்கு முப்பத்தினாலு. முப்பத்தைஞ்சு தாண்டினால் எடுக்கமாட்டினம். இண்டைக்குப் பின்னேரம் இந்த ரோட்டாலை திரும்பேக்கை ஆக்களை ஏத்திக்கொண்டு போறன். வந்தால் இண்டைக்கு. இல்லாட்டி இல்லை."

"எங்கட வீட்டுப் பொம்பிளையள் வேலைக்குப் போறேல்லை," என்றா அக்கா.

மேற்றன் சாய்மனைக் கதிரையில் கிடந்த என்னைப் பார்த்தா. "ஆம்பிளையளும் போறேல்லைப் போலை கிடக்கு."

நான் எழும்பி இருந்தேன்.

"அதுவும் தாதி வேலை!" அக்கா விடவில்லை. "தாதி எண்டால் ஆர்? கதையளிலை ராசாத்திக்குக் கால் பிடிச்சுவிடுறவள்."

"இப்ப ராசாத்தியள் குறைஞ்சு போச்சினம் பாருங்கோ. கால் நோகிற கிழடுகள்தான் கனக்க."

"பெத்த பிள்ளையள் பாக்காத கிழடுகளைத்தானே மடத்திலை கொண்டுபோய் அடைக்கிறது? இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை. நாங்கள் தாய் தேப்பனைத் தலையிலை வைச்சுத் தாங்கிற ஆக்கள்."

அக்கா இதைச் சொல்லி முடிக்கவும் முன்னறைக் கதவின் கீழால் சாம்பிராணிப் புகை ஒரு சுருள் வெளியே வரவும் சரியாக இருந்தது. புகையோடு மற்றதும் வந்தது. மேற்றனின் மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியது. கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திருப்பி வைத்தா.

"உள்ளுக்கை ஆர்?"

"ஐயா. சுகமாப் படுத்திருக்கிறார். தம்பிதான் பாக்கிறான்."

மேற்றன் எனக்கு ஒரு பார்வையும் செலவழிக்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "கமலா, மணம் தெரியுதோ?" என்றா.

"மூண்டு கிழமையாத் தெரியுது மேற்றன்."

"அப்ப ஏன் அங்கை நிக்கிறீர்?"

"மருமகள் தொடக்கூடாதாம்."

மேற்றன் எழும்பினா. அண்ணி முந்திக்கொண்டு, "நீங்கள் இருங்கோ. ஒரு நிமிசம்" என்றுவிட்டு உள்ளே போனா. றங்குப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பூச்சி உருண்டை மணம் வந்தது.

வெளியே வந்தவாவை நாங்கள் முன்பின் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. எட்டு வருடச் சோற்றுக்குச் சட்டை இடம் கொடுக்கவில்லை. இடுப்பில் இரண்டு இடத்தில் ஊசி குத்தியிருந்தது. ஆனால் நடை வேறு. எங்கள் வீட்டில் சுவரோரமாக நடந்த மனிசி, நடு விறாந்தையால் வந்தா.

"எங்கை போறாய்? நில்லடி!" அக்கா குறுக்கே கையை நீட்டினா.

"மருமகள் குசினிக்கை நிக்கிறா மச்சாள். நான் மிஸ்ஸி," என்று சொல்லி அந்தக் கையை விலக்கிவிட்டு, அண்ணி கதவைத் திறந்தா. முதல் வேலையாகச் சாம்பிராணித் தட்டை எடுத்து யன்னலால் வெளியே வைத்தா.

நானும் பின்னால் போனேன். ஐயா கத்துவார், கட்டிலிலிருந்து விழுந்தாவது எதிர்ப்பார் என்று நினைத்தேன். ஐயா அண்ணியைக் காலிலிருந்து தொப்பி வரை பார்த்தார். பிறகு தொப்பியிலிருந்து கால் வரை பார்த்தார். இழுத்த வாய் அசைந்தது.

"மி... ஸ்ஸி."

"ஓம் ஐயா."

எட்டு வருடமாகக் கதவுக்குப் பின்னால் நின்று மாமா என்றவா, நேரே நின்று ஐயா என்றா.

"நோ... குது மிஸ்ஸி."

"தெரியும். இனி நோகாமல் திருப்புவன். என்ரை தோளைப் பிடியுங்கோ."

ஐயா இடது கையால் பிடித்தார்.

"ஐயோ, ஐயாவுக்கு அறளை பேந்திட்டுது!" என்று வாசலில் அக்கா தலையில் அடித்துக்கொண்டா. "மருமோளையே தெரியேல்லை!"

நான் தலைமாட்டில் நின்றேன். ஐயாவின் நல்ல கண் என்னை ஒருமுறை பார்த்தது. அந்தக் கண்ணில் அறளையும் இல்லை, மறதியும் இல்லை. வழக்குக்காகக் கோட்டுக்குப் போகிற நாட்களில் சால்வையை உதறித் தோளில் போடும்போது இருக்கிற கண் அது. மருமகள் தொடக்கூடாது என்ற சட்டத்தைப் போட்டவர், அதை மீறாமல் தப்புகிற ஓட்டையை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

அண்ணி அவரைப் பக்கமாகத் திருப்பினா. முதுகு முடிகிற இடத்தில், நாரியின் கீழே உள்ளங்கையளவு புண்.

நான் மயங்கி விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

"விழுகிறதெண்டால் வெளியிலை போய் விழுங்கோ தம்பி. இஞ்சை இடம் காணாது," என்றா அண்ணி, திரும்பிப் பார்க்காமலே.

மேற்றன் வானிலிருந்து மருந்தும் துணியும் கொண்டுவந்து கொடுத்தா. அண்ணியின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. "கை மறக்கேல்லை," என்றா. "மூண்டு மணிக்கு ரோட்டிலை நில்லும். நான் காத்துக்கொண்டு நிக்கமாட்டன்." வான் போய்விட்டது.

இனித்தான் அக்காவின் திறமையைப் பார்க்கவேண்டும். புண்ணைக் கண்டு ஒரு பாட்டம் அழுதா. மூக்கைச் சிந்தினா. பிறகு அண்ணிக்குப் பக்கத்தில் போய், அந்த வாயில் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில் தொடங்கினா.

"பிள்ளை."

எட்டு வருடமாக 'இவள்' என்று இருந்தவா பிள்ளையாகிவிட்டா.

"இனி உனக்கு ஏன் மடம்? இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டிலை ஐயாவைப் பார். ஒருத்தரும் ஒரு குறை சொல்லாயினம். தெரியாத கிழடுகளுக்குச் செய்யிறதை எங்கட ஐயாவுக்குச் செய்யன். புண்ணியம்."

காலையில் குலத்துக்கு இழுக்கு. மத்தியானம் குலவிளக்கு. வெட்கம் என்பது எங்கள் பரம்பரையில் பெண்களுக்கும் இல்லை, ஆண்களுக்கும் இல்லை. அந்த விடயத்தில் நாங்கள் சமத்துவமானவர்கள்.

அண்ணி கையைத் துடைத்தா. "மூண்டு மணிக்கு வான் வரும் மச்சாள். அதுக்கிடையிலை உங்கள் ரெண்டு பேருக்கும் பழக்கிப்போடவேணும். வாங்கோ."

"எங்களுக்கோ?"

"பின்னை?"

"நான் பொம்பிளைப்பிள்ளை. பெத்த தேப்பன் எண்டாலும் எப்பிடித் தொட்டு..."

"எனக்கு அருவருப்பு அண்ணி," என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்.

அண்ணி எங்கள் இருவரையும் பார்த்தா. சத்தம் போடவில்லை. "மருமகள் தொடக்கூடாது. மகள் தொடக்கூடாது. மகனுக்கு அருவருப்பு. அப்ப ஆர் தொடுறது? புழுவோ?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகினா.

பாடம் தொடங்கியது. முதலில் என்னைப் பாயில் கிடத்தி, "நீங்கள் வருத்தக்காரன்" என்றா. அந்தப் பாத்திரத்துக்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. அக்கா என்னைத் திருப்பவேண்டும். நெல்மூட்டை உருட்டுகிறவன் கூட மூட்டை பிய்ந்துவிடுமே என்று கொஞ்சம் யோசிப்பான். நான் இரண்டுதரம் சுவரில் மோதினேன்.

"இழுக்கப்படாது மச்சாள். இழுத்தால் தோல் உரியும். முழங்காலை மடக்குங்கோ. ஒரு கை தோளிலை, ஒரு கை இடுப்பிலை. உங்கட பக்கம் வாற மாதிரி உருட்டுங்கோ. முதல் சொல்லுங்கோ, திருப்பப் போறன் எண்டு. சொல்லாமல் திருப்பினால் மனிசர் பயந்துபோவினம்."

"இவனுக்கு என்ன சொல்லக் கிடக்கு?"

"இவருக்கு இல்லை. அங்கை கிடக்கிறவருக்கு."

பிறகு ஐயாவிடம் போனோம். அக்கா தோளில் ஒரு கையை வைத்தா, எடுத்தா, திரும்ப வைத்தா. "ஐயா... திருப்பப் போறன்" என்றா. அந்தக் குரலில் வீறாப்பைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. ஐயா முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டு கிடந்தார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கும் வெட்கம். ஆனால் இடது கை தடவித் தடவி வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"பிடி... அன்னம்."

அக்கா பிடித்தா. உருட்டினா. ஐயா முனகாமல் திரும்பினார். அக்கா அழுதுகொண்டே, "என்ன பாரமப்பா இந்த மனிசன்!" என்று பேசினா. நான் முழங்கால்களுக்கிடையில் தலையணை வைத்தேன். அதற்குப் பிறகு கழுவினேன். கண்ணைத் திறந்துகொண்டு. மூக்குக்குத் துணி கட்டலாமோ என்று கேட்டேன். "கட்டுங்கோ, ஆனா அவர் உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டிருப்பார்," என்றா அண்ணி. கட்டவில்லை.

மூன்று மணியாகிறபோது அண்ணி றங்குப்பெட்டியை விறாந்தையில் கொண்டுவந்து வைத்தா. வெள்ளை உடுப்பைக் கழற்றவில்லை. அறை வாசலில் போய் நின்றா.

"ஐயா, என்ரை டியூட்டி முடிஞ்சுது. நான் போட்டு வரட்டே?"

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. நானும்தான். வேலையை விடவேண்டும் என்று சொன்ன வாய் இது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அண்ணி நின்றுவிடுவா. எங்களுக்கு அது தெரியும். அதனால்தான் அக்கா ஐயாவின் முகத்தையே விழுங்குகிறது மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றா.

ஐயா இடது கையால் வாயோரத்தைத் துடைத்தார்.

"அடுத்த... மிஸ்ஸி... ஆர்?"

அண்ணி எங்களைக் கையால் காட்டினா.

ஐயா அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "முருகா," என்றார். அது மட்டும் ஒரு திக்கலும் இல்லாமல் சுத்தமாக வந்தது.

பெட்டியை நான் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். வான் வந்து நின்றது. உள்ளே இன்னும் இரண்டு பெண்கள், மடியில் பெட்டியோடு, சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாத முகத்தோடு இருந்தார்கள். அதே நேரம் கிளிநொச்சி பஸ்ஸும் வந்து பின்னால் நின்றது. அண்ணை இறங்கினார். குடை, கைப்பை, கசங்காத சேர்ட்.

"என்ன கோலம் இது? எங்கை வெளிக்கிட்டனீர்?"

"மடத்துக்கு. ஆறு கிழமை."

"ஆரைக் கேட்டனீர்?"

"வேலையை விடச் சொன்ன ஆளையே கேட்டனான். விட்டிட்டார்."

"அக்கா என்ன சொன்னவா?"

"அவா கை கழுவிக்கொண்டு நிக்கிறா. போய்க் கேளுங்கோ."

அண்ணை குடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். பெரிய முடிவு எடுக்கும்போது அவர் செய்கிற ஒரே காரியம் அது. "அப்ப என்னை ஆர் பாக்கிறது?"

அண்ணி வான் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தா. "உங்களுக்கு என்ன வருத்தம்?"

அண்ணை தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் கூட இல்லை.

"சோறு மூடி வைச்சிருக்கிறன். குழம்பைச் சுடவைச்சுச் சாப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டு அண்ணி ஏறினா. மேற்றன் கதவை அடித்துச் சாத்தினா. புழுதிதான் மிச்சம்.

பஸ் குளத்தடி வரை போய்த் திரும்பி இதே ரோட்டால்தான் வரும். அண்ணை வீட்டுப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. ரோட்டைக் கடந்து மற்றக் கரையில் போய் நின்றார்.

"போய்க் கூட்டிக்கொண்டு வரப்போறன்."

"நீங்களோ?"

"நான்தான். மடத்துக்குள்ளை போய்க் கூப்பிட்டால் வராமல் விடுவாளோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னெண்டு கூப்பிடுவியள் அண்ணை?"

"என்னெண்டோ? எப்பவும் போலை..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

எப்பவும் அவர் அண்ணியைக் கூப்பிடுகிறது 'இஞ்சாரும்' என்று. எட்டு வருடத்தில் பெயர் சொல்லி ஒருநாள் கூப்பிட்டதில்லை. அது எங்கள் பக்கத்து மரியாதை.

"வாட்டு வாசலிலை நிண்டு இஞ்சாரும் எண்டு கத்தினால், அங்கை உள்ள பொம்பிளையள் முழுப்பேரும் திரும்பிப் பாப்பினம் அண்ணை. அவையளையும் புருஷன்மார் அப்பிடித்தானே கூப்பிட்டவை."

வீட்டுப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது: "அப்புத்துரை! ஐயாவைத் திருப்பிற நேரமடா! ஒரு கை பிடிக்க வா!" நான் ஓட எத்தனித்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அண்ணை மிதிபலகையில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ உருட்டிப் பார்த்தார். பிறகு, பரீட்சைக்குப் பாடமாக்குகிற பிள்ளை மாதிரி, கொஞ்சம் பலமாகவே சொன்னார்:

"கமலாசனி."

கொண்டக்டர் டிக்கட்டைக் கிழிக்கப் போனவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பிடிப் பேரிலை ஒரு பஸ் தரிப்பிடம் இந்த ரோட்டிலை இல்லை ஐயா. எங்கை எண்டு வடிவாக் கேட்டுக்கொண்டு வந்து ஏறுங்கோ."